குடலை எடுங்கள், முள்ளை எறியாதீர்கள்
சிறுமீனில் உள்ள சத்தும் நஞ்சும்

காலை எட்டு மணியளவில் ஒழுங்கை முனையில் மீன்காரரின் ஹோண் சத்தம் கேட்கிறது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியைச் சுற்றி நாலைந்து பெண்கள் கூடுகிறார்கள்.

"என்ன மீன் அண்ணை?"

"சூடையும் காரலும் தங்கச்சி. நல்ல உடன்மீன். விடியப்புறம் நாச்சிக்குடாவிலை ஏத்தினது."

"சூடையோ? பிள்ளையள் முள்ளெண்டு தொடாதுகள். வேறை ஒண்டும் இல்லையோ?"

"பாரை கிடக்கு. விலைதான் கொஞ்சம் கூட."

மடியில் இருக்கும் காசை எண்ணிப் பார்த்துவிட்டு அந்தத் தாய் அரைக் கிலோ சூடை வாங்குகிறார். வீட்டுக்குப் பின்னால் இருந்து துப்புரவாக்குகிறார். தலை கோழிக்கு, குடல் பூனைக்கு. சட்டியில் கறி கொதிக்கிறது. சாப்பிடும்போது பிள்ளைகளுக்கு முள்ளை ஒவ்வொன்றாக நீக்கிக் கொடுக்கிறார். கடைசியில் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது கொஞ்சச் சதை மாத்திரமே.

பரந்தனிலும் முரசுமோட்டையிலும் வட்டக்கச்சியிலும் உருத்திரபுரத்திலும் அன்றாடம் காணக்கூடிய காட்சி இது. அந்தத் தாய் கையில் இருந்த காசுக்கு நல்ல மீனைத்தான் வாங்கினார். ஆனால் அந்த மீனின் சிறந்த பகுதியைக் கோழிக்குக் கொடுத்துவிட்டார் என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வரும் செய்தி.

கமக்காரரும் சிறுமீனும்

எம்மில் பெரும்பாலோர் கமக்காரக் குடும்பங்கள். மாடு கன்றோடு வாழ்ந்தவர்கள். பாலும் தயிரும் மோரும் எமக்கு வீட்டிலேயே கிடைத்தன. கல்சியம், விற்றமின் என்ற சொற்களை அறியாமலே எங்கள் பிள்ளைகளின் எலும்பு உறுதியாக வளர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தைவிட்டு வெளியேறி வன்னிக்கு வந்தவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே ஊர் ஊராக ஓடியவர்களும் காணியோடு மாடுகளையும் விட்டே வந்தார்கள். பின்னர் முகாமில் கிடைத்த உலர் உணவு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பனவாக இருந்தது. அவை பசியை ஆற்றின. ஆனால் எலும்புக்கும் இரத்தத்துக்கும் கண்ணுக்கும் வேண்டிய நுண்சத்துக்கள் அவற்றில் மிகக் குறைவு.

திரும்பி வந்தவர்களில் பலருக்கு இன்னமும் பட்டி மாடு இல்லை. சிலருக்குத் தமது சொந்தக் காணியே இன்னமும் கைக்கு வரவில்லை. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. பால்மாப் பைக்கற்றை எட்டிப் பார்க்க முடியாத வீடுகள் எத்தனையோ. இந்த நிலையில் இழந்த பாலின் இடத்தை ஓரளவு நிரப்பக்கூடிய மலிவான உணவு எது என்று கேட்டால், எமது கடலில் பிடிபடும் விரல் நீள மீன்தான்.

ஆனால் இரண்டு எண்ணங்கள் எம்மைத் தடுக்கின்றன. ஒன்று, விலை குறைந்த மீனில் சத்தும் குறைவு என்பது. மற்றது, கடல் முழுக்க இப்போது நஞ்சாகிவிட்டது, மீனைத் தின்றால் நோய் வரும் என்பது. முதலாவது முற்றிலும் பிழை. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்ச உண்மையைச் சரியாக விளங்கிக்கொண்டால் பயப்பட வேண்டிய தேவை இல்லை.

இடம்பெயர்ந்தோரின் நண்பர் பெயரில் ஒரு கப்பல்

2018 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் இலங்கையைச் சுற்றி வந்தது. அதன் பெயர் 'டொக்டர் பிரிட்ஜொவ் நான்சன்'. நோர்வே அரசும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கப்பல் இது. நான்சன் என்பவர் நோர்வே நாட்டின் துருவப் பயணி, விஞ்ஞானி. முதலாம் உலகப் போருக்குப் பின் நாடிழந்து அலைந்த இலட்சக்கணக்கான மக்களுக்காக உழைத்தவர். நாடற்றவர்களுக்கென அவர் ஏற்படுத்திய பயணப் பத்திரம் 'நான்சன் கடவுச்சீட்டு' எனப்பட்டது. 1922 இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. இடம்பெயர்ந்தோருக்காக உழைத்தவரின் பெயர் கொண்ட கப்பல், இடம்பெயர்ந்த மக்கள் வாழும் இந்நாட்டின் கடலில் மீனை அளந்தது.

கப்பலில் பிடித்த மீன்களில் 19 வகைகளின் சத்துக்களை நோர்வேயின் பேர்கன் நகரில் உள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனம் பகுத்துப் பார்த்து, 2020 இல் முடிவை வெளியிட்டது. மக்கள் உண்ணும் முறையிலேயே மாதிரிகள் எடுக்கப்பட்டன. சிறிய மீன்களை முழுதாக அரைத்தார்கள். பெரிய மீன்களில் சதையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கிடைத்த முடிவு தெளிவானது. கல்சியம், இரும்பு, நாகம், விற்றமின் ஏ போன்ற நுண்சத்துக்களில் முழுதாக எடுத்த சிறுமீன்கள் பெரிய மீனின் சதையைவிட மிகவும் முன்னுக்கு நின்றன.

காரணம் இலகுவானது. பெரிய மீனில் நாம் சதையை உண்டு, எலும்பையும் தலையையும் எறிகிறோம். சதையில் புரதம் உண்டு. சிறுமீனின் சதையிலும் அதே புரதம் உண்டு. ஆனால் கல்சியம் இருப்பது முள்ளில். விற்றமின் ஏ அதிகம் இருப்பது கண்ணிலும் ஈரலிலும். சிறுமீனில் மட்டுமே இவற்றையெல்லாம் எம்மால் மென்று விழுங்க முடியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். முள்ளோடு தகரத்தில் அடைத்த சாளை இன மீன் 100 கிராமில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பசுப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 120 மில்லிகிராம். ஆகவே முள்ளோடு உண்ணும் அறுபது எழுபது கிராம் மீன் ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடாகிறது. முகாம்களில் ரின்மீன் கிடைத்த நாட்களில் அதன் மெதுமையான நடு முள்ளை எடுத்து வீசியவர்கள் வீசியது இந்தக் கல்சியத்தைத்தான்.

தலையின் பெறுமதியை வங்காள தேசத்தில் கண்டறிந்தார்கள். அங்கே குளங்களிலும் வயல் நீரிலும் வாழும் 'மோலா' என்ற சின்னஞ்சிறு மீனில் விற்றமின் ஏ நிறைய உண்டு. அதில் பாதியளவு கண்களிலும், மிகுதியில் பெரும்பங்கு குடற்பகுதியிலும் இருக்கிறது. தலையைக் கிள்ளி எறிந்தால் பாதி போய்விடும். இந்தச் சிறுமீன்களைத் தாய்மார் பிள்ளைகளின் உணவில் சேர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சகுந்தலா தில்ஸ்ரெட். இந்திய வம்சாவளியில் திரினிடாட் தீவில் பிறந்த இந்த அம்மையாருக்கு 2021 ஆம் ஆண்டுக்கான உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இவற்றோடு, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு, அயடின், விற்றமின் டி, மரக்கறியில் கிடைக்காத விற்றமின் பி12 என்பனவும் கடல் சிறுமீனில் உண்டு. மீனில் உள்ள இரும்பு எமது உடலில் இலகுவாகச் சேரும். அதுமட்டுமல்ல, அதே கோப்பையில் உள்ள சோற்றின் இரும்பையும் கீரையின் இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ளவும் அது உதவுகிறது. கர்ப்பிணித் தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் இதைவிட மேலான கறி எமது சந்தையில் கிடைப்பது அரிது.

நஞ்சு எங்கே இருக்கிறது?

அதே கப்பல் இலங்கைக் கடலிலும் வங்காள தேசக் கடலிலும் எடுத்த 24 வகை மீன்களில் நஞ்சான உலோகங்களையும் அளந்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். பாதரசம், ஈயம், கட்மியம், ஆசனிக்கு என்ற நான்கும் அளக்கப்பட்டன. ஐரோப்பிய நாடுகள் விதித்துள்ள எல்லைகளோடு ஒப்பிடும்போது பொதுவாக அளவுகள் குறைவாகவே இருந்தன. ஒரு விதிவிலக்கு மட்டும் இருந்தது. முழுதாக அரைத்த சில சிறுமீன் வகைகளில் கட்மியம் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

முதலில் பாதரசத்தைப் பார்ப்போம். யப்பானில் மினமாற்றா என்ற கடற்கரை ஊரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவில் இருந்த பாதரசம் மீனில் சேர்ந்து, அதை உண்ட மக்களின் நரம்பையும் கருவில் இருந்த குழந்தைகளையும் தாக்கியது. அந்நோய் 1956 இல் வெளியே தெரியவந்தது. பாதரசம் சிறுமீனிலிருந்து அதைத் தின்னும் மீனுக்கும், அதிலிருந்து இன்னும் பெரிய மீனுக்கும் ஏறி ஏறிச் சேருகிறது. ஆகவே அது கூடுதலாக இருப்பது நெடுங்காலம் வாழும் பெரிய சுறா, பெரிய சூரை போன்றவற்றில். ஓரிரு ஆண்டுகளே வாழும் சூடையிலும் நெத்தலியிலும் காரலிலும் அது மிகக் குறைவு. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா கொடுக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. எமது மூதாதையர் தேடி வாங்கியது சின்னப் பால்சுறா. அதை விட்டுப் பெரிய சுறாவின் துண்டை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மீனில் உள்ள ஆசனிக்கில் பெரும்பகுதி உடலுக்குத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கிறது. எஞ்சுவது கட்மியம். அது சதையில் சேருவது குறைவு. ஈரல், சிறுநீரகம், குடல் ஆகிய உள்ளுறுப்புக்களிலேயே கூடுதலாகத் தங்குகிறது. ஐரோப்பிய எல்லை, பல மீன்களின் சதைக்கு ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சதைக்கு வகுத்த எல்லையைக் குடலோடு அரைத்த மீன் தாண்டியதில் வியப்பில்லை. குடலை நீக்கினால் கட்மியத்தின் ஒரு பகுதி அதனோடு போய்விடும். முள்ளும் கண்ணும் எம்மிடம் இருக்கும்.

குடலோடு விற்றமின் ஏயும் கொஞ்சம் போகும் என்பது உண்மை. அதைத் தலையும், முருங்கை இலையும், பப்பாசியும், பூசணியும் ஈடு செய்யும்.

கட்மியமும் எமது வயலும்

கட்மியம் என்ற பெயர் கமக்காரருக்குப் புதியதல்ல. 1990களில் அநுராதபுரம் பக்கத்தில் முதலில் கவனிக்கப்பட்டு, பின்னர் வவுனியா உட்பட வறண்ட வலயத்தின் பல இடங்களில் கமக்காரரைத் தாக்கிவரும் சிறுநீரக நோய் பற்றி எல்லோரும் அறிவோம். அதற்கு இதுதான் காரணம் என்று எந்த ஒன்றும் உறுதியாக நிறுவப்படவில்லை. சந்தேகிக்கப்பட்டவற்றுள் கட்மியமும் ஒன்று. உடலுக்குள் போன கட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தங்கக்கூடியது.

யப்பானின் தோயாமா மாகாணத்தில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீரை வயலுக்குப் பாய்ச்சினார்கள். அரிசியில் கட்மியம் ஏறியது. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் எலும்பு நொருங்கி "நோகுது, நோகுது" என்று கதறினார்கள். யப்பானிய மொழியில் அந்தக் கதறலே நோயின் பெயராயிற்று. 1968 இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அங்கே நஞ்சு மீனால் வரவில்லை, சோற்றால் வந்தது.

பொசுபேற்றுப் பசளை செய்யும் பாறையில் இயற்கையாகவே கட்மியம் உண்டு. தேவைக்கு மேல் பசளை போட்டால் அது மண்ணில் தங்குகிறது. நாம் நாளாந்தம் கூடுதலாக உண்பது சோறு. ஆகவே அரிசியில் சிறிதளவு இருந்தாலும் அது மீனில் உள்ளதைவிடக் கணக்கில் கூடிவிடலாம். சுருட்டிலும் சிகரட்டிலும் கட்மியம் உண்டு. புகைப்பவரின் உடலில் அது புகைக்காதவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு சேர்கிறது.

மீனின் பங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கணக்கின்படி 50 கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு வாரத்தில் 125 மைக்கிரோகிராம் வரை கட்மியத்தைத் தாங்கலாம். எல்லை அளவு கட்மியம் உள்ள மீனில் 100 கிராம் உண்டால் 5 மைக்கிரோகிராம் சேரும். வாரத்தில் நான்கு நாள் உண்டால் 20. அதாவது தாங்கும் அளவில் ஆறில் ஒரு பங்கு. இரும்புச்சத்துக் குறைந்த உடல்தான் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. கட்மியத்துக்குப் பயந்து மீனை விடும் இரத்தச்சோகையுள்ள தாய், ஒரு பக்கத்தால் தன்னைக் காத்து மறுபக்கத்தால் கதவைத் திறந்துவிடுகிறார்.

வயலில் விடுவது கடலில் சேரும்

2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் அதில் இருந்தன. 2025 மே மாதத்தில் கேரளக் கரைக்கு அப்பால் இன்னொரு கப்பல் மூழ்கிச் சில நாட்களின் பின், இராமேஸ்வரம் பக்கத்திலும் மன்னார்க் கரையிலும் இத்தகைய மணிகள் ஒதுங்கின. சிறுமீன்கள் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பவை. நுண்ணிய பிளாஸ்ரிக்கையும் அவை இரையென்று விழுங்குகின்றன. அது பெரும்பாலும் தங்குவது குடலில்தான். குடலை எடுக்க இதுவும் ஒரு காரணம்.

கப்பல்காரரைக் குற்றம் சொல்லும் நாம் எமது கையையும் பார்க்க வேண்டும். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு வந்து, வயல்களைக் கடந்து, சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது. இறாலும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அது. மருந்தடிக்கும் தாங்கியை வாய்க்காலில் கழுவினால், கிருமிநாசினிப் போத்தலையும் பொலித்தீனையும் வரம்பில் எறிந்தால், மாரி வெள்ளம் அவற்றை அங்கேதான் கொண்டு சேர்க்கும். பின்னர் அதே மீன்காரரின் பெட்டியில் அது எம்மிடம் திரும்பி வரும்.

பழுதான மீனே உடனடி ஆபத்து

கட்மியம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தீங்கு செய்வது. வெயிலில் கிடந்த மீன் அன்றைக்கே தீங்கு செய்யும். சூடை, சாளை, கும்பிளா, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் 'கிஸ்ரமின்' என்ற நச்சுப் பொருள் உண்டாகிறது. ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. உண்டு சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தலையிடி, உடலில் தடிப்பு, வயிற்றோட்டம் ஏற்படும். மூச்சு முட்டினால் தாமதியாது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடற்கரையிலிருந்து தூர இருக்கும் எமக்கு இது முக்கியம். ஆகவே மீன்காரரிடம் விலையைக் கேட்குமுன் ஐஸைப் பாருங்கள். கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், அமத்தினால் சதை நிமிர்ந்தும் இருக்க வேண்டும்.

அடுக்களையில் செய்யக்கூடியவை

1. வயிற்றுப் பக்கத்தைக் கிள்ளிக் குடலையும் செவுளையும் எடுங்கள். சூடை, காரல், நெத்தலி என்பவற்றின் தலையை விட்டுவிடுங்கள். நன்றாகக் கழுவுங்கள்.

2. பழப்புளி விட்டு மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் நெடுநேரம் அவிய விடுங்கள். புளி முள்ளை மெதுமையாக்கும். முள்ளிலுள்ள கல்சியத்தில் கொஞ்சம் குழம்பிலும் இறங்கும். குழம்பையும் வீணாக்காதீர்கள்.

3. முருங்கை இலையோடு சேர்த்துச் சமையுங்கள். இறக்கிய பின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதைத் தவிர்த்து ஒரு மணித்தியாலம் பொறுங்கள். தேயிலைச் சாயம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

4. மீன் மலிவான நாளில் கூடுதலாக வாங்கி, குடல் எடுத்து, உப்பிடாமல் காய வையுங்கள். நிலத்தில் பரப்பாமல், இடுப்பளவு உயரத் தட்டியில் பரப்பி, பழைய நுளம்பு வலையால் மூடுங்கள். ஈயும் கோழியும் அணுகாது. முறுகக் காய்ந்ததும் வறுத்து, இடித்து, அரித்து, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தையின் சோற்றிலோ கஞ்சியிலோ ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். முள் தட்டுப்படாத அளவு நைசாக இருக்க வேண்டும். முதலில் சிறிதளவு கொடுத்து ஒவ்வாமை இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கடையில் வாங்கும் உப்புக் கருவாட்டைத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் கருவாடு பற்றித் தமது வைத்தியரின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும்.

6. தினமும் ஒரே வகை மீனை உண்ணாமல் மாற்றி மாற்றி உண்ணுங்கள். ஒரு வகையில் கூடுதலாக உள்ள நஞ்சு இன்னொன்றில் இராது.

பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்துச் சின்ன மீனில் சரக்குக் கறி வைத்துக் கொடுத்தவர்கள் எமது பாட்டிமார். ஆராய்ச்சிக் கப்பல் சொல்லுமுன்பே சின்ன மீனின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓடி ஓடித் திரிந்த ஆண்டுகளில் எம்மிடமிருந்து விடுபட்டுப்போன பழக்கங்களில் இதுவும் ஒன்று.

காணி திரும்பக் கிடைப்பதும் பட்டி மாடு பெருகுவதும் எமது கையில் மட்டும் இல்லை. நாளை காலை வாங்கும் சூடையின் தலையைக் கோழிக்கு எறிவதா, பிள்ளைக்குக் கொடுப்பதா என்பது முற்றாக எமது கையில் இருக்கிறது.